ஒப்படைப்பு நோட்டு

அக்கா வேலைக்கு வராமல் நின்ற அன்று, எங்கள் பழைய ஆபீசில் ஆறு பேர் ஒரே நாளில் காணாமல் போய்விட்டார்கள் என்று சார் எனக்குப் போன் செய்து சொன்னார். ஏறக்குறைய அழுகிற குரல். லாரி பட்டறைக்காரர் தினேஷைக் கேட்கிறார், ஜவ்வரிசி ஆலைக்காரர் கோமதியைக் கேட்கிறார், என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை என்றார். தினேஷ் அந்த ஆபீசை விட்டுப் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. கோமதி போய் நாலு வருடம். காணாமல் போன ஆறு பேரில் நானும் ஒருத்தி. நானோ பெங்களூரில் என் மேசையில் உட்கார்ந்து சாருடைய போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரிடம் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதையும் நான் எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எங்கள் எல்லோரிடமிருந்தும் எல்லாவற்றையும் எழுதி வாங்கியவர், தன்னைப் பற்றி ஒரு வரி எழுதிவைக்காமல் போய்விட்டார். என்னிடமிருந்து அவர் வாங்கியவை ஏழெட்டு வாடிக்கையாளர்கள் மட்டுமில்லை. என் அம்மாவையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தேன். ஒப்படைத்தது எனக்கே தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கொல்லிமலையில் வெப்சைட் செய்து கொடுக்கிற ஆபீஸ் என்றால் பெங்களூரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். செம்மேட்டில் ஒரு உரக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. கீழே நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள், கோழித்தீவனம் விற்கிறவர்கள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், மேலே மலையில் பெரக்கரை நாடு என்கிற ஊர்களின் மிளகு விவசாயிகள் என்று நாற்பது பேருக்கு நாங்கள்தான் இணையதளம் நடத்திக் கொடுத்தோம். சார் இதே மலைக்காரர். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவருக்கு 'வளர்ச்சி' என்கிற சொல்லின் மேல் ஒரு பைத்தியம் உண்டு. தன்னிடம் வருகிறவர்கள் ரெண்டு மூணு வருடத்தில் வேலை கற்றுக்கொண்டு பெரிய ஊருக்குப் போக வேண்டும் என்பார். போகிற அன்று கேக்குக்குப் பதிலாக அன்னாசிப் பழம் வெட்டி, போட்டோ எடுத்து, 'வளர்ந்தவர்கள்' என்று தலைப்பிட்ட சுவரில் மாட்டுவார். இப்படி ஒரு முதலாளியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஆனால் வாடிக்கையாளர்களுக்கு யாரும் வளர்வது பிடிக்காது. தினேஷிடம் பேசிப் பழகிய பட்டறைக்காரர் இன்னொருவரிடம் பேச மாட்டார். முன்பொரு தடவை ஒருத்தர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, எந்தக் கடவுச்சொல் எங்கே என்று தெரியாமல் ஒரு ஆலையின் தளம் மூன்று நாள் படுத்துவிட்டதாம். அதிலிருந்து சார் ஒரு வழக்கம் வைத்தார். வேலையை விடுகிறவர்கள் கடைசிப் பதினைந்து நாளும் காலையில் கம்ப்யூட்டரைத் திறப்பதிலிருந்து மாலையில் மூடுவது வரை செய்கிற ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். மேசையும், அதன் மேலிருக்கும் பெயர்ப் பலகையும், அந்த மேசைக்கென்று கொடுத்த போனும், போன் எண்ணும் அப்படியே இருக்கும். நோட்டை அக்கா வாங்கிக்கொள்வார். அதன் பிறகு அந்த மேசையின் வேலை அக்காவினுடையது. வாடிக்கையாளருக்கு ஆள் மாறியதே தெரியாது.

நான் சேர்ந்த அன்று ஏழு மேசை இருந்தது, ஏழிலும் பெயர் இருந்தது, ஆனால் சாரைத் தவிர, என்னையும் சேர்த்து நாலே பேர்தான் இருந்தோம். காலைக் கூட்டத்தில் சார் அன்றைய வேலைகளை வாசித்தார்.

"தினேஷ், லாரி பட்டறைக்குப் புதுப் படம் ஏத்தணும்."

"ரைட்டுங்க சார்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பதில்.

"கோமதி, ஆலைக்காரரோட தளம் மெதுவாத் தொறக்குதாம்."

"பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்று வாய்க்குள்ளேயே இன்னொரு பதில்.

இரண்டும் ஒரே பெண்ணின் வாயிலிருந்து வந்தன. நாற்பது வயதை நெருங்கியவர், ஒடிசலான உடம்பு, நரை தெரியாத தலை. யாரும் சிரிக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க, தினேஷ்னா யாரு?"

"அக்காதானுங்க."

"கோமதி?"

"அதுவும் அக்காதான்."

"அப்ப அக்கா யாருங்க?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்கா அக்காதான்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அக்காவுக்கென்று தனி மேசை கிடையாது. தினேஷ் மேசையில் உட்கார்ந்தால் மௌசை இடது பக்கம் மாற்றிக்கொள்வார். அவன் இடது கைக்காரனாம். கோமதி மேசையில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நாற்காலியில் மடித்து வைத்துக்கொள்வார். எந்த மேசையில் இருந்து போனில் பேசினாலும் அந்த மேசையின் குரல்தான் வரும். நடிப்பது போலவே இருக்காது. நடிக்கிறவர்களுக்கு நம்மைப் பார்க்கும் ஒரு கள்ளப் பார்வை உண்டு, இவரிடம் அது இல்லை. நாளுக்கு மூன்று தடவை டீ கொண்டுவருகிற அம்மா வாசலிலேயே நின்று, "ஏனுங்க, இப்ப யாருங்க?" என்று கேட்பார். தினேஷ் என்றால் இரண்டு கரண்டி சர்க்கரை, கோமதி என்றால் சர்க்கரையே கிடையாது. ஒரு நாள் அக்கா எந்த மேசையிலும் இல்லாமல் ஜன்னலோரம் நின்றிருந்தார். டீக்கார அம்மா அதே கேள்வியைக் கேட்டார். அக்கா மேசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ எப்படிக் குடிப்ப கண்ணு?" என்றார். சர்க்கரை கம்மியாக என்றேன். "அப்ப அப்படியே குடுங்க" என்றார். அன்றைக்கு அதை வேடிக்கை என்று நினைத்தேன்.

ஒரு கோடை விடுமுறையில் நிஜமான தினேஷ் அருவி பார்க்கக் குடும்பத்தோடு கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்தான். மேலே வந்து, "எம் மேச அப்படியே இருக்குதே!" என்று குதித்து உட்கார்ந்தான். மேசைப் போனை எடுத்துத் தன் பெயரில் போயிருந்த செய்திகளைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. வேலையை விடுகிறபோது பட்டறைக்காரரோடு அவனுக்குப் பெரிய சண்டை. அந்த மனிதருடைய அப்பா இறந்தபோது 'தினேஷ்' துக்கம் விசாரித்து, 'அன்னிக்கு நான் பேசுனது தப்புங்க, மனசுல வெச்சுக்காதீங்க' என்று எழுதியிருந்தான். அதிலிருந்து இரண்டு பேரும் நல்ல சிநேகிதர்கள்.

"நான் இப்படி மன்னிப்புக் கேக்கற ஆளு இல்லீங்களேக்கா" என்றான் தினேஷ்.

"அன்னிக்கு இல்லீங்க" என்றார் அக்கா. "இங்கயே இருந்திருந்தீங்கன்னா இந்நேரம் கேட்டிருப்பீங்க."

அவன் டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டான். படியிறங்கும்போது என்னிடம், "அந்த போன்ல இருந்து எம்பேர எடுத்துரச் சொல்லுங்க" என்று ரகசியமாகச் சொன்னான். முகம் வெளிறியிருந்தது. நான் சாரிடம் சொன்னேன். சாருக்குப் புரியவில்லை. "எதுக்கு? பட்டறைக்காரருக்கு இப்பத்தான் அவனப் புடிச்சிருக்குது" என்றார்.

சித்திரை மாதம் எல்லோரும் வளர்ச்சிப் படிவம் எழுத வேண்டும். போன வருடம் எப்படி இருந்தீர்கள், இப்போது எப்படி, அடுத்த வருடம் என்ன ஆக வேண்டும் என்று மூன்று கேள்வி. வாங்கி அடுக்குவது என் பொறுப்பு. எனக்குக் கிடைத்தவை ஏழு. விட்டுப்போன நாலு பேருடையதும் இருந்தன, நாலும் நாலு கையெழுத்தில். 'கோபம் குறைஞ்சிருக்குது. அடுத்த வருஷம் அம்மாவக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கணும்' என்று தினேஷ். 'கூட்டத்துல சத்தமாப் பேசப் பழகிட்டேன்' என்று கோமதி. கோமதியை எனக்குப் போனில் பழக்கம் உண்டு. சேலத்தில் அவள் இன்னும் கூட்டத்தில் வாயைத் திறக்கப் பயந்து செத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விட்டுப்போனவர்கள் வெளியூரில் எப்படியோ கிடக்க, இங்கே இந்த மேசைகளில் அவர்கள் வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

"உங்க படிவம் எங்கக்கா?" என்று கேட்டேன்.

"குடுத்தனே கண்ணு, நாலு" என்றார்.

அக்காவின் வீடு தேவனூர் நாட்டில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனார். கண் தெரியாத அப்பா கட்டிலில் படுத்திருந்தார். அவர் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட, அக்கா அடுப்படியிலிருந்து, "ஏனப்பா?" என்றார். அது அக்காவின் பெயர் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார். அக்கா சத்தம் போடாமல் பின்கதவு வழியாகப் போய், வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்று, "வாரேனப்பா" என்றார். குரல் வேறு. காலடியும் வேறு.

"மொதல்ல கூப்புட்டாரே, அது எனக்கு மூத்தவ பேரு" என்று பிறகு என்னிடம் சொன்னார். "ஆஸ்பத்திரில செத்துப் பதினாறு வருஷமாச்சு. அப்பனுக்குச் சொல்லல."

"அவருக்குத் தெரியாமயே போயிருமாக்கா?"

"என்ன தெரியோணும்? கூப்புட்டா வர்றாளே."

எனக்கு முதுகு சில்லென்று ஆனது. ஆனால் அன்றுதான் அக்காவை எனக்கு ரொம்பப் பிடித்தும் போனது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒருவரிடம் உணர முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் இனி சொல்லப் போவதெல்லாம் நடந்து முடிந்த பிறகு, அந்த அப்பா இறந்த வாரம்தான் அக்கா வேலைக்கு வருவதை நிறுத்தினார். சார் ஆள் அனுப்பியபோது வீடு பூட்டியிருந்ததாம். எங்கே போனார் என்று அக்கம்பக்கத்திலும் யாருக்கும் தெரியவில்லை.

என் அம்மா காளப்பநாயக்கன்பட்டியில் கட்டட வேலை செய்தவர். கலவை மெஷின் பக்கத்தில் இருபது வருடம் நின்று காது அடைத்துப் போனது. முட்டியும் தேய்ந்துவிட்டது. இனி சுமையோடு மாடிப்படி ஏறினால் ஒரு நாள் படியிலிருந்து விழுவீர்கள், எழுந்து நடக்க மாட்டீர்கள் என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். அம்மா கேட்டால்தானே. போனில் பேசினால் காதில் விழாது. எட்டாவது வரை படித்ததால் எழுதினால் படிப்பார். மலையில் நான் தங்கியிருந்த அறையில் டவர் கிடையாது. அதனால் தினமும் சாப்பாட்டு நேரத்தில், பன்னிரண்டரைக்கு, ஆபீஸ் மேசைப் போனிலிருந்து அம்மாவுக்கு எழுதுவேன். 'சாப்டியா? வேலைக்குப் போகாத' என்று நான் எழுதுவதும், 'சரி சாமி' என்று கட்டடத்தில் நின்றுகொண்டு அம்மா பதில் போடுவதும் எங்களுக்கு வாடிக்கை. அம்மா போனில் அந்த எண்ணுக்குப் பெயர் 'பாப்பா'.

இரண்டு வருடம் கழித்து பெங்களூரில் வேலை கிடைத்தது. அன்னாசி வெட்டினோம். பதினைந்து நாள் நோட்டு எழுதினேன். ஒன்று விடாமல் எழுதச் சொன்னதால், கேலியாகத்தான், '12.30 அம்மாவுக்கு மெசேஜ்' என்றும் எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா அந்த வரியில் விரலை வைத்தார்.

"இதுவுமா கண்ணு?"

"எல்லாத்தையும் எழுதச் சொன்னாருல்லங்க்கா" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அம்மாவிடம் முதலில் என்ன கேட்பாய், கோபம் வந்தால் எப்படி எழுதுவாய், சின்ன வயதில் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரியத்தில் கேட்கிறார் என்று நானும் வாய் ஓயாமல் சொன்னேன். "அம்மா பதில் போடலீனா எவ்வளவு நேரம் பாப்ப?" என்றும் கேட்டார். "எங்கக்கா பாக்கறது, வேல வந்துரும்" என்றேன். அதையும் குறித்துக்கொண்டார். கிளம்புகிற அன்று அம்மா காதருகே போய், "அது ஆபீஸ் நம்பரு, இனிமே அதுல நான் இல்ல, புது நம்பர்ல எழுது" என்று கத்தினேன். அம்மா தலையாட்டினார். காது கேட்காதவர்கள் தலையாட்டுவதை நம்பக்கூடாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெங்களூருக்குப் போன புதிதில் புது எண்ணிலிருந்து, 'சாப்டியாம்மா?' என்று எழுதினால், 'இப்பத்தான கேட்ட, சாப்டன் சாமி' என்று பதில் வரும். அம்மா குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன். எப்போது எழுதினாலும் 'அதான் பேசுனோமே' என்பார். குறை சொல்லவே இல்லை. அம்மா என்னைத் தேடவில்லை என்பதில் எனக்கு வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று என் செய்திகள் குறைந்தன.

எட்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்குப் போனேன். வேலை நாள். அம்மா வீட்டில் இருந்தார். கால் நீட்டி உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்குப் போகலையாம்மா?" என்று காதில் கேட்டேன்.

"நீதான நிறுத்த வெச்ச! எத்தன மாடி, எத்தன நட ஏறி எறங்கறேன்னு தெனமும் கேட்டுக் கேட்டு எண்ண வெச்சுட்ட. எண்ணிப் பாத்தா எனக்கே பயமாப் போச்சு. நின்னு நாலு மாசமாச்சே சாமி, மறந்துட்டியா?"

நான் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தேன். 'பாப்பா' என்ற பெயரில் எட்டு மாதமாகத் தினமும் பன்னிரண்டரைக்குச் செய்தி வந்திருந்தது. என் நடை, என் கிண்டல், எதிர் வீட்டு ஆட்டைப் பற்றி நான் அடிக்கிற அதே பழைய நக்கல். ஒரு வித்தியாசம் உண்டு. நான் கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவேன். இவள் பதில் வரும்வரை காத்திருந்தாள். அம்மா ஒற்றை விரலால் கால் மணி நேரம் தேடித் தேடி எழுதுவதற்குக் காத்திருந்து, அதிலிருந்து அடுத்ததைக் கேட்டிருந்தாள்.

மேலே தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றேன். ஏழு வயதில், அம்மா வேலை செய்த இடத்தில் கிடந்த ஒரு சிமெண்ட் குழாய்க்குள் நான் ஒளிந்திருந்தேன். அம்மா என் பெயரைச் சொல்லி அழுதுகொண்டே தேடியதை உள்ளே இருந்து கேட்டும் வேண்டுமென்றே வாய் திறக்கவில்லை. அந்தத் திருட்டுத்தனத்தை இந்த வயது வரை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. அது அங்கே எழுதியிருந்தது. 'கேட்டுச்சும்மா, வேணும்னுதான் பேசாம இருந்தேன், மன்னிச்சுக்க' என்று. 'அன்னிக்கே தெரியும் சாமி' என்று அம்மா பதில் போட்டிருந்தார்.

அது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் துடைத்து, புளி படாத இடமாகப் பார்த்து வைத்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுக்க ஆரம்பித்தேன்.

அடுத்த நாள் மலைக்கு பஸ் ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவும் திட்டிக்கொண்டே போனேன். அக்கா என் மேசையில், என்னை மாதிரியே பின்னலை முன்னால் போட்டு நுனியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி பன்னிரண்டரை. என்னைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கி, 'ஒரு நிமிஷம்' என்று ஜாடை காட்டிவிட்டு எழுதினார். எழுதி அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரக் கேட்டு இதச் செஞ்சீங்க?" என்றேன்.

"நோட்டுல இருந்துது கண்ணு."

"அது வெளையாட்டுக்கு எழுதுனதுக்கா!"

"அம்மா வெளையாட்டுக்குப் பதில் போடலியே."

கடைசியில் கேட்க வந்ததைக் கேட்டேன். "அந்தக் குழாய்ல நான் ஒளிஞ்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நான்தான கண்ணு ஒளிஞ்சேன்" என்றார். அது என் குரல்.

அந்த நேரம் டீக்கார அம்மா வந்து வாசலில் நின்றார். வழக்கமான கேள்வியைக் கேட்க வாய் திறந்தவர், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டு டம்ளரிலும் சர்க்கரை கம்மியாகப் போட்டு வைத்துவிட்டு வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

"இன்னையோட நிறுத்திக்கறேன்" என்றார் அக்கா, இப்போது சாதாரணமாக. "ஆனா சும்மா வாங்கிட்டுப் போகக்கூடாது. ஒப்படைப்பு வேணும்." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். "நீ வருவீன்னு எழுதி வெச்சிருக்கேன்."

பஸ்ஸில் நடுவில் பிரித்துப் புரட்டினேன். பக்கம் பக்கமாக அம்மா. எதற்குச் சிரிப்பார், எதைக் கேட்டால் பேச்சை மாற்றுவார், எந்தக் கிழமை முட்டி வலி அதிகம் என்று எல்லாம் இருந்தது. முழுவதும் என் கையெழுத்தில் இருந்தது.

பெங்களூர் வந்து மறுநாளிலிருந்து பன்னிரண்டரைக்கு நானே எழுதினேன். நோட்டைத் தொடவில்லை. என் அம்மாவோடு பேச எனக்கு நோட்டு எதற்கு என்ற திமிர். புது எண்ணிலிருந்து மூன்று நாள் எழுதினேன். அம்மா ஒற்றைச் சொல்லில் பதில் போட்டார். நாலாம் நாள் அம்மாவே எழுதினார்.

'பழய நம்பர்ல ஏன் வரமாட்டீங்கற. மேஸ்திரி கூப்புட்டாரு. நாளையிலிருந்து வேலைக்குப் போலாம்னு இருக்கறேன்.'

'போகாதம்மா. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? சொன்னாக் கேளு' என்று எழுதினேன்.

'சரி' என்று வந்தது. அந்தச் 'சரி' எனக்குத் தெரியும். கட்டடத்துக்குப் போகிற சரி.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. 'நீங்க யாருங்க? எம்புள்ள இப்படிப் பேச மாட்டா.'

ஆபீஸ் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்றுவிட்டேன். போன் போட்டுக் கத்தினாலும் அம்மாவுக்குக் கேட்காது. பையிலிருந்து நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே இருந்தது. 'முதல் வாரம் அம்மாவுக்குச் சந்தேகம் வரும். நீங்க யாருங்கன்னு கேப்பாங்க. என்னையும் கேட்டாங்க. பதறாத. பதினஞ்சு நாள்ல பழகிரும். வேலைக்குப் போறேன்னா போகாதன்னு சொல்லாத. எத்தன மாடின்னு கேளு. எத்தன நடன்னு கேளு. கேட்டுட்டு இரு.'

'எத்தன மாடிம்மா?' என்று எழுதினேன்.

பத்து நிமிடம் ஆனது. மேலதிகாரி கூப்பிட்டார். போகவில்லை.

'மூணு.'

'ஒரு நாளைக்கு எத்தன நட?'

பதினைந்து நிமிடம். போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'நாப்பதுக்குக் கொறயாது. வேண்டாம் சாமி, கால் ஒத்துக்காது. மேஸ்திரிகிட்ட வரலீன்னு சொல்லிர்றன்.' அடுத்ததாக, 'இப்பத்தான் எம்புள்ள பேசற மாதிரி இருக்குது. நாலு நாளா வேற யாரோன்னு பயந்துட்டன்.'

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று பார்த்து எழுதினேன்.